அயனிப் பொறியும் கணிப்பொறியும்

பொறி என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. வேலை செய்யும் இயந்திரமும் பொறிதான். எலியைச் சிக்க வைக்கும் கருவியும் பொறிதான். இந்த இரண்டு பொருள்களும் ஒன்றாகச் சேரும் ஒரு துறை இயற்பியலில் வளர்ந்து வருகிறது. மின்னேற்றம் பெற்ற அணுக்களை ஒரு பொறியில் சிக்கவைத்து, அந்த அணுக்களையே கணிப்பொறியின் உறுப்புகளாக இயக்குவது அத்துறையின் நோக்கம். இதற்கு அயனிப் பொறிக் குவாண்டம் கணிப்பொறி என்று பெயர்.

இத்தகைய கருவிகள் இன்று வெறும் கற்பனையல்ல. 2024-இல் 56 அயனிகளும், 2025-இல் 98 அயனிகளும் கொண்ட கருவிகள் இயங்கத் தொடங்கிவிட்டன. ஆனால் இவற்றிலிருந்து நாம் எதிர்பார்க்கும் பெரிய பயன்களுக்குப் பல ஆயிரம், சிலவற்றுக்குப் பல லட்சம் அயனிகள் தேவை. நூறிலிருந்து லட்சத்துக்கு ஏறுவது எப்படி? அதில் உள்ள தடைகள் யாவை? இதுவே இக்கட்டுரையில் நாம் ஆராயப்போகும் வினா.

சாதாரணக் கணிப்பொறிக்கு எட்டாத கணக்கு

1981-இல் அமெரிக்க இயற்பியலறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன் ஒரு கருத்தரங்கில் முக்கியமான ஒரு கருத்தைச் சொன்னார். அணுக்களும் எலெக்ட்ரான்களும் குவாண்டம் விதிகளின்படி நடக்கின்றன. அவற்றின் நடத்தையைச் சாதாரணக் கணிப்பொறியில் கணக்கிட முயன்றால் கணக்கு கட்டுக்கடங்காமல் பெருகிவிடுகிறது. ஆகவே கணக்கிடும் கருவியையே குவாண்டம் விதிகளின்படி இயங்குமாறு அமைக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

கணக்கு ஏன் பெருகுகிறது? சாதாரணக் கணிப்பொறியின் அடிப்படை அலகு பிட். அது 0 அல்லது 1 என்ற இரு நிலைகளுள் ஒன்றில் இருக்கும். குவாண்டம் கணிப்பொறியின் அலகுக்குக் கியூபிட் என்று பெயர். கியூபிட்டின் நிலையைக் குறிக்க இரண்டு எண்கள் தேவை. ஒன்று 0-க்கு உரியது, மற்றது 1-க்கு உரியது. இரண்டு கியூபிட்டுகள் சேர்ந்தால் 00, 01, 10, 11 என்ற நான்கு நிலைகளுக்கும் நான்கு எண்கள். மூன்று சேர்ந்தால் எட்டு. பத்து சேர்ந்தால் 1024. ஐம்பது சேர்ந்தால் ஆயிரம் லட்சம் கோடிக்கும் மேல்! சதுரங்கப் பலகையின் கட்டங்களில் ஒன்று, இரண்டு, நான்கு என்று நெல்மணிகளை வைக்கச் சொன்ன பழங்கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதே பெருக்கம்தான் இங்கும் நிகழ்கிறது. 300 கியூபிட்டுகளின் நிலையை முழுமையாக எழுதத் தேவைப்படும் எண்கள், காணக்கூடிய பேரண்டத்தில் உள்ள அணுக்களைவிட அதிகம்.

இங்கே பலர் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். "அப்படியானால் குவாண்டம் கணிப்பொறி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் சோதித்துச் சரியானதைச் சொல்லிவிடும்" என்று செய்தித்தாள்களில் கூடப் படிக்கிறோம். அது சரியன்று. கியூபிட்டுகளை அளந்து பார்க்கும்போது நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு விடைதான். எந்த விடை கிடைக்கும் என்பது நிகழ்தகவைப் பொறுத்தது. ஆனால் மேற்கூறிய எண்கள் கலப்பெண்கள். அவை ஒன்றையொன்று கூட்டவும் செய்யும், நீக்கவும் செய்யும். குளத்தில் இரு கற்களை எறிந்தால் சில இடங்களில் அலைமுகடும் அலைமுகடும் சேர்ந்து உயர்வதையும், சில இடங்களில் முகடும் பள்ளமும் சேர்ந்து நீர் அசையாமல் நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். தவறான விடைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளுமாறும் சரியான விடை வலுப்பெறுமாறும் கணக்கை அமைக்க முடிந்தால்தான் குவாண்டம் கணிப்பொறிக்கு வெற்றி. எல்லாக் கணக்குகளையும் அவ்வாறு அமைக்க இயலாது.

அவ்வாறு அமைக்க முடிந்த ஒரு கணக்கைப் பீட்டர் ஷோர் 1994-இல் கண்டுபிடித்தார். மிகப் பெரிய எண்ணை அதன் பகா எண் காரணிகளாகப் பிரிப்பது அது. இன்று வங்கிக் கணக்குகளையும் இணையவழிச் செய்திகளையும் காக்கும் மறைகுறிப்பு முறைகளில் ஒன்று, இவ்வாறு பிரிப்பது கடினம் என்ற ஒரே நம்பிக்கையின்மேல் நிற்கிறது. ஆகவே பெரிய குவாண்டம் கணிப்பொறி உருவாகுமா என்பது ஆய்வுக்கூடத்துக்கு வெளியே உள்ளவர்களையும் பாதிக்கும் கேள்வியாயிற்று. ஃபைன்மன் கருதிய வேதியியல் கணக்குகளோ இதனினும் பயனுள்ளவை. உளுந்து, பயறு போன்ற செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சாதாரண வெப்பநிலையிலேயே அம்மோனியாவாக மாற்றுகின்றன. அதே வேலைக்கு உரத் தொழிற்சாலையில் 400 டிகிரி அளவு வெப்பமும் நூறு மடங்குக்கும் மேற்பட்ட வளிமண்டல அழுத்தமும் வேண்டியிருக்கிறது. அந்த நுண்ணுயிரின் நொதியில் இரும்பும் மாலிப்டினமும் சேர்ந்த ஒரு சிறு அணுத்தொகுதி உண்டு. அதன் எலெக்ட்ரான்களின் நடத்தையைத் துல்லியமாகக் கணக்கிடுவது சாதாரணக் கணிப்பொறிகளுக்குக் கடினமாக உள்ளது.

எந்த அணு ஏற்றது?

கியூபிட்டைப் பல வழிகளில் அமைக்கலாம். மீக்கடத்திச் சுற்றுகளைக் கொண்டு அமைப்போர் உண்டு. ஒளித்துகள்களைக் கொண்டு அமைப்போர் உண்டு. அணுக்களுக்கு மட்டும் ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. தொழிற்சாலையில் செய்த இரு பொருள்கள் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சிறிதேனும் வேறுபடும். ஆனால் ஓர் ஐசோடோப்பின் இரு அணுக்களுக்கிடையே எந்த வேறுபாடும் கிடையாது. லட்சம் கியூபிட்டுகள் வேண்டுமென்றால் லட்சமும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் இயற்கையே தந்திருக்கிறது. 1967 முதல் வினாடி என்ற அலகையே சீசியம் அணுவைக் கொண்டு வரையறுத்திருப்பதும் இக்காரணத்தால்தான்.

தனிம வரிசை அட்டவணையின் இரண்டாம் தொகுதியைப் பாருங்கள்: பெரிலியம், மக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம். நாம் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பில் உள்ளது கால்சியம். வாணவேடிக்கையில் சிவப்பு நிறம் தருவது ஸ்ட்ரான்சியம். பச்சை நிறம் தருவது பேரியம். இவற்றின் வெளிக்கூட்டில் இரண்டு எலெக்ட்ரான்கள் உள்ளன. ஒன்றை நீக்கினால் அணு நேர்மின் அயனியாகிறது. எஞ்சிய ஒற்றை எலெக்ட்ரானின் ஆற்றல் மட்டங்கள் எளிமையாக அமைகின்றன. இட்டெர்பியம் என்ற அருமண் தனிமத்திற்கும் இதே பண்பு உண்டு. ஆய்வுக்கூடங்களில் அயனிப் பொறிகளில் அடைபடுபவை பெரும்பாலும் இந்தத் தனிமங்களே.

அயனியின் இரு ஆற்றல் மட்டங்களை எடுத்து, ஒன்றுக்கு 0 என்றும் மற்றதற்கு 1 என்றும் பெயரிட்டால் கியூபிட் தயார். இட்டெர்பியம்-171 அயனியில் இவ்விரு மட்டங்களின் இடைவெளி 12.6 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலைக்குச் சமம். இந்த நிலைகள் மிக உறுதியானவை. சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் ஓர் இட்டெர்பியம் அயனி தன் குவாண்டம் நிலையை 10 நிமிடங்களுக்கு மேல் காத்ததாக 2017-இலும், ஒரு மணி நேரத்துக்கு மேல் காக்க இயலும் என்று 2021-இலும் அளந்து காட்டினார்கள். மற்ற வகைக் கியூபிட்டுகள் பலவற்றுக்கு வினாடியின் சிறு பின்னமே வாழ்நாள் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

காற்றில் நிற்கும் அணு

அயனியை எந்தப் பாத்திரத்தில் வைப்பது? சுவரைத் தொட்டால் அதன் நிலை கெட்டுவிடும். காற்று மூலக்கூறு மோதினாலும் கெட்டுவிடும். எனவே வளிமண்டல அழுத்தத்தில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான வெற்றிடத்தில், எதையும் தொடாமல் அது அந்தரத்தில் நிற்க வேண்டும்.

மின்னேற்றம் உள்ள பொருளைச் சுற்றிலும் மின்வாய்களை வைத்து நடுவில் நிறுத்திவிடலாம் என்று தோன்றும். ஆனால் நிலையான மின்புலத்தால் இது இயலாது என்பதை 1842-இலேயே சாமுவேல் எர்ன்ஷா என்ற ஆங்கிலேயர் நிறுவியிருந்தார். காரணம் எளிது. வெற்றிடத்தில் உள்ள ஒரு புள்ளியை நோக்கி எல்லாத் திசைகளிலிருந்தும் மின்விசைக் கோடுகள் உள்நோக்கி வர முடியாது. ஒரு பக்கமாக உள்ளே வந்தவை வேறு பக்கமாக வெளியேறியாக வேண்டும். குதிரைச் சேணத்தின் நடுவில் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் மேடு. ஆகவே அத்திசையில் குண்டு உருளாது. இடமும் வலமும் சரிவு. ஆகவே அப்பக்கம் விழுந்துவிடும்.

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வொல்ஃப்காங் பால் 1950-களில் இதற்கு ஒரு வழி கண்டார். சேணத்தைத் தக்க வேகத்தில் சுழற்றினால் என்ன ஆகும்? குண்டு சரிவில் உருளத் தொடங்கும்போதே அந்த இடத்துக்கு மேடு வந்துவிடும். குண்டு விழ நேரமே கிடைக்காது. நடுவிலேயே தத்தளித்துக்கொண்டு நிற்கும். சேணத்துக்குப் பதிலாக மின்புலத்தை மாற்றி மாற்றித் தருவதே பால் அமைத்த பொறி. நான்கு மெல்லிய தண்டுகளை நீளவாட்டில் நிறுத்தி, எதிரெதிர் மூலைத் தண்டுகளுக்குச் சில நூறு வோல்ட் மாறுதிசை மின்னழுத்தத்தை வினாடிக்குச் சில கோடி முறை திசைமாற்றித் தருகிறார்கள். இரு முனைகளிலும் நிலையான நேர்மின்னழுத்தம் காவல் காக்கிறது. அயனிகள் நடு அச்சில் வரிசையாக நிற்கின்றன. ஒன்றையொன்று விலக்குவதால் அடுத்தடுத்த அயனிகளுக்கிடையே சுமார் 5 மைக்ரோமீட்டர் இடைவெளி தானாகவே அமைகிறது.

அயனி இப்போது சிக்கிவிட்டது; ஆனால் அடங்கவில்லை. அறை வெப்பநிலையில் ஓர் இட்டெர்பியம் அயனி வினாடிக்குச் சுமார் 200 மீட்டர் வேகத்தில் துள்ளுகிறது. அதை அடக்குவது லேசர் ஒளி. ரயில் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் ஒலி உச்சமாகக் கேட்பதை அறிவீர்கள்; இது டாப்ளர் விளைவு. அயனி உட்கவரும் அதிர்வெண்ணைவிடச் சற்றே குறைந்த அதிர்வெண்ணில் லேசரைப் பாய்ச்சுகிறார்கள். லேசரை எதிர்த்து வரும் அயனிக்கு மட்டும் டாப்ளர் விளைவால் அதிர்வெண் கூடி, அது ஒளியை உட்கவர்கிறது. விலகிச் செல்லும் அயனி உட்கவர்வது மிகக் குறைவு. உட்கவர்ந்த ஒவ்வொரு போட்டானும் எதிர்காற்றுப் போல் அதன் வேகத்தில் வினாடிக்குச் சுமார் 6 மில்லிமீட்டரைக் குறைக்கிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: முப்பதாயிரத்துக்கும் சற்று மேற்பட்ட போட்டான்கள் போதும்! வினாடிக்குப் பல லட்சம் போட்டான்களை உட்கவர்ந்து உமிழும் அயனிக்கு இது நொடிப்பொழுதில் முடியும் வேலை. முடிவில் வெப்பநிலை தனிச் சுழியிலிருந்து ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கே மேலே நிற்கிறது. இம்முறையை 1975-இல் முன்மொழிந்தவர்களுள் டேவிட் வைன்லேண்டும் ஹான்ஸ் டெமெல்ட்டும் அடங்குவர். 1978-இல் செய்தும் காட்டினர். பாலும் டெமெல்ட்டும் 1989-இலும், வைன்லேண்டு 2012-இலும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

இவ்வாறு அடங்கிய ஒற்றை அணுவை நாம் கண்ணால் காண முடியுமா? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எடுக்கப்பட்டு 2018-இல் பரிசு பெற்ற ஒரு புகைப்படம் அதற்கு விடை. இரு மின்வாய்களுக்கிடையே ஒரு சிறு ஊதாப் புள்ளி தெரிகிறது. அது ஒரே ஒரு ஸ்ட்ரான்சியம் அயனி. எடுத்தது சாதாரணக் கேமரா.

எழுதுதல், படித்தல், இணைத்தல்

கியூபிட்டில் எழுதுவது நுண்ணலையாலோ லேசர் துடிப்பாலோ நடைபெறுகிறது. துடிப்பின் நீளத்தைப் பொறுத்து 0 நிலை 1 ஆக மாறும். பாதியில் நிறுத்தினால் இரண்டும் சமமாகக் கலந்த நிலை கிடைக்கும். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2025-இல் கால்சியம் அயனியில் இதைச் செய்தபோது 67 லட்சம் செயல்களுக்கு ஒரு பிழை என்ற அளவே நேர்ந்தது. படிப்பது இன்னும் எளிது. இன்னொரு லேசரைப் பாய்ச்சினால் ஒரு நிலையில் உள்ள அயனி ஒளிரும். மற்ற நிலையில் உள்ளது இருண்டிருக்கும். வரிசையாக நிற்கும் அயனிகளில் எவை ஒளிர்கின்றன என்று பார்த்தால் அதுவே விடை.

ஆனால் தனித்தனியாக நிற்கும் கியூபிட்டுகளால் கணக்கிட முடியாது. ஒன்றின் நிலை மற்றொன்றைப் பாதிக்க வேண்டும். 5 மைக்ரோமீட்டர் தொலைவில் நிற்கும் இரு அயனிகளின் உள்நிலைகள் ஒன்றையொன்று அறியா. பின் எப்படி?

ஊஞ்சல் பலகையில் வரிசையாகச் சிலர் அமர்ந்திருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒருவர் காலை உந்தினால் எல்லோரும் ஆடுகிறார்கள். அயனி வரிசையும் அத்தகையதே. மின்விலக்கு விசையால் பிணைந்திருப்பதால் ஓர் அயனி அசைந்தால் வரிசை முழுவதும் அசையும். இந்தப் பொது அதிர்வையே தூதாகப் பயன்படுத்தலாம் என்று இக்னேசியோ சிராக், பீட்டர் சோலர் ஆகிய இருவரும் 1995-இல் எழுதினார்கள். முதல் அயனி 1 நிலையில் இருந்தால் மட்டும் லேசர் அதை உந்தி வரிசையில் ஓர் அலகு அதிர்வை எழுப்பும். அதிர்வு இருந்தால் மட்டும் இன்னொரு லேசர் இரண்டாம் அயனியின் நிலையை மாற்றும். பின்னர் முதல் லேசரைக் கொண்டே அதிர்வை அடக்கிவிட வேண்டும். முடிவில் இரண்டாம் அயனியின் நிலை முதல் அயனியின் நிலையைச் சார்ந்ததாகிவிடுகிறது. முதல் அயனி 0-வும் 1-உம் கலந்த நிலையில் இருந்திருந்தால், இரண்டும் பிரிக்க இயலாதபடி பின்னிக்கொள்கின்றன. இதுவே குவாண்டம் பின்னல்.

அதே ஆண்டில் அமெரிக்காவின் போல்டர் நகரில் கிறிஸ்டோஃபர் மன்றோவும் வைன்லேண்டும் அவர்களது குழுவினரும் ஒற்றைப் பெரிலியம் அயனியின் உள்நிலையையும் அதன் அதிர்வையும் இரு கியூபிட்டுகளாகக் கொண்டு இக்கருத்தைச் சோதித்தனர். ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் ரைனர் பிளாட்டின் குழு 2003-இல் இரண்டு கால்சியம் அயனிகளைக் கொண்டு முழுமையாக நிறைவேற்றியது. அதிர்வு முற்றிலும் அடங்கியிராவிட்டாலும் செயல்படும் மேம்பட்ட முறை ஒன்றை 1999-இல் மோல்மர், சோரன்சன் என்பவர்கள் தந்தார்கள். இன்றைய கருவிகள் பலவும் அவ்வழியையே பின்பற்றுகின்றன. 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டிலும் போல்டரிலும் இரு அயனிச் செயல்களின் துல்லியம் 99.9 சதவீதத்தை எட்டியது.

வரிசை நீண்டால் வரும் தொல்லை

அப்படியானால் ஒரே பொறியில் ஆயிரம் அயனிகளை வரிசையாக நிறுத்திவிட்டால் என்ன?

ஊஞ்சல் உவமைக்கே திரும்புவோம். இரண்டு பேர் ஆடும் ஊஞ்சலின் ஆட்டத்தை எளிதில் கட்டுப்படுத்தலாம். ஆயிரம் பேர் அமர்ந்த பலகை நெளியும், வளையும், பல விதங்களில் ஆடும். N அயனிகள் கொண்ட வரிசைக்கு 3N அதிர்வு வகைகள் உண்டு. பத்து அயனிகளுக்கு 30, நூற்றுக்கு 300. இவற்றின் அதிர்வெண்கள் நெருங்கி நெருங்கி நிற்பதால், ஒன்றைத் தட்டினால் அண்டையில் உள்ளதும் கிளர்கிறது. தவறிக் கிளராமல் இருக்க மெதுவாகத் தட்ட வேண்டும். மெதுவாகத் தட்டினால் இடையில் சத்தம் புகுந்து பிழை கூடுகிறது. மேலும் வரிசை நீள நீள அது எளிதில் வெப்பமடைகிறது. எனவே ஒரு வரிசையில் சில பத்து அயனிகளைக் கையாளலாம். அதற்குமேல் வேறு வழி தேட வேண்டும்.

ரயில் யார்டு முறை

பெரிய ரயில் சந்திப்பின் யார்டை நீங்கள் பார்த்திருக்கலாம். எல்லாப் பெட்டிகளையும் ஒரே வண்டியாகக் கோத்து வைப்பதில்லை. பெட்டிகளைத் தனித்தனித் தடங்களில் நிறுத்தி, தேவையானபோது இரண்டைக் கொண்டுவந்து சேர்த்து, வேலை முடிந்ததும் பிரித்து அனுப்புகிறார்கள். கீல்பின்ஸ்கி, மன்றோ, வைன்லேண்டு ஆகிய மூவரும் 2002-இல் அயனிகளுக்கும் இவ்வாறே ஒரு யார்டை அமைக்கலாம் என்று எழுதினார்கள்.

இதற்குத் தண்டுகள் உதவா. 2006-இல் போல்டர் குழு மின்வாய்கள் அனைத்தையும் ஒரே சமதளத்தில், ஒரு சில்லின்மீது பொன் படலமாக அமைத்துக் காட்டியது. அயனி அத்தளத்துக்குமேல் சுமார் 40 மைக்ரோமீட்டர் உயரத்தில் மிதந்தது. தளத்தில் பல சிறு மின்வாய்களைப் பதித்து அவற்றின் மின்னழுத்தத்தை வரிசையாக மாற்றினால், அயனி மிதந்தபடியே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகரும். ஒரு பகுதி நினைவகம். ஒரு பகுதி செயற்கூடம். ஒரு பகுதி படிக்கும் இடம். குவான்டினுவம் நிறுவனத்தின் 56 அயனிக் கருவியில் பாதை ஓட்டப்பந்தயத் தடம் போல் நீள்வட்டமானது. அதன் 98 அயனிக் கருவியில் சேமிப்பு வளையம் ஒன்றும், அதிலிருந்து ஒரு சந்திப்பின் வழியே பிரியும் இரு செயற்பகுதிகளும் உள்ளன. எந்த இரு அயனிகளையும் அருகே கொண்டுவந்து இணைக்கலாம் என்பது இம்முறையின் பெரிய நன்மை. மீக்கடத்திச் சில்லுகளில் பொதுவாக அண்டையிலுள்ள கியூபிட்டுகளை மட்டுமே நேரடியாக இணைக்க முடியும்.

இதில் தொல்லைகளும் இல்லாமல் இல்லை. முதலாவது, நகர்த்தும்போது அயனி வெப்பமடைகிறது. லேசரால் மீண்டும் குளிர்விக்கலாம் என்றால் அந்த ஒளியே கியூபிட்டின் செய்தியை அழித்துவிடும். எனவே ஒவ்வொரு கியூபிட் அயனிக்கும் துணையாக வேறு தனிமத்தின் அயனி ஒன்றைச் சேர்க்கிறார்கள். பேரியம் கியூபிட் என்றால் இட்டெர்பியம் துணை. துணை அயனியை அதற்குரிய நிறத்து லேசரால் குளிர்வித்தால், ஊஞ்சலில் உடன் அமர்ந்திருக்கும் கியூபிட் அயனியும் அடங்கிவிடுகிறது. அதன் செய்தி கெடுவதில்லை. இரண்டாவது, மின்வாயின் பரப்பிலிருந்து எழும் மின் சத்தம் அயனியை அசைக்கிறது. அயனி பரப்பை நெருங்க நெருங்க இது மிக வேகமாகக் கூடுகிறது. சில்லைக் கடுங்குளிரில் வைத்தால் இது பெரிதும் குறைகிறது. மூன்றாவது, கம்பிகளும் ஒளிக்கற்றைகளும். ஒவ்வோர் அயனிக்கும் பல மின்வாய்கள் வேண்டும். ஒவ்வொரு மின்வாய்க்கும் ஒரு கம்பி என்றால் லட்சம் அயனிகளுக்கு எத்தனை கம்பிகள்! மேசை நிறையக் கண்ணாடிகளை வைத்து லேசரைத் திருப்பும் முறையும் அந்த அளவுக்கு எடுபடாது. ஆகவே ஒளியைச் சில்லுக்குள்ளேயே நுண் குழல்களின் வழியே கொண்டுவரும் முறையை 2020-இல் ஸ்விட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் செய்து காட்டினார்கள். லேசருக்குப் பதிலாகச் சில்லில் ஓடும் நுண்ணலை மின்னோட்டத்தைக் கொண்டு செயல்களை நடத்துவோரும் உண்டு.

எல்லாவற்றினும் பெரிய குறை வேகம். இத்தகைய கருவியில் பெரும்பகுதி நேரம் கணக்கிடுவதில் அன்று, அயனிகளை நகர்த்துவதிலும் மீண்டும் குளிர்விப்பதிலும் செலவாகிறது.

ஒளித்துகள் பாலம்

ஒரு சில்லில் இடம் தீர்ந்துவிட்டால்? பல சில்லுகளை ஒளியால் இணைப்பது இரண்டாம் வழி. இரு பொறிகளில் உள்ள இரு அயனிகளைத் தூண்டினால் ஒவ்வொன்றும் ஒரு போட்டானை உமிழ்கிறது. அந்தப் போட்டானின் நிலை தன் அயனியின் நிலையோடு பின்னியிருக்கும். இரு போட்டான்களையும் பாதி ஒளியைக் கடத்திப் பாதியைத் திருப்பும் ஒரு கண்ணாடியில் சந்திக்கவிட்டால், எது எந்த அயனியிலிருந்து வந்தது என்று அறிய இயலாமற் போகிறது. அப்போது உணர்கருவிகள் குறிப்பிட்ட முறையில் ஒலித்தால், ஒன்றையொன்று கண்டிராத அந்த இரு அயனிகளும் பின்னிக்கொண்டுவிட்டன என்று பொருள்.

மன்றோவின் குழு 2007-இல் ஒரு மீட்டர் இடைவெளியில் இதைச் சாதித்தது. ஆனால் சில நிமிடங்களுக்கு ஒரு முறைதான் வெற்றி கிட்டியது. பெரும்பாலான போட்டான்கள் வழியிலேயே தொலைந்துபோயின. 2020-இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு இதை வினாடிக்கு 182 முறையாக உயர்த்தியது. அவர்களே 2025-இல் இரண்டு மீட்டர் இடைவெளியில் உள்ள இரு பொறிகளை இணைத்து ஒரே கணக்கைச் செய்துகாட்டினர். அதில் இரு பொறிகளுக்கிடையேயான செயலின் துல்லியம் 86 சதவீதம். ஒரே பொறிக்குள் கிடைக்கும் 99.9 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இன்னும் எவ்வளவு தொலைவு போக வேண்டும் என்பது தெரியும்.

பிழையின் கணக்கு

99.9 சதவீதம் என்றால் தேர்வில் முதல் மதிப்பெண் போல் தோன்றும். ஆனால் 1000 செயல்களை அடுத்தடுத்துச் செய்தால் ஒரு பிழையும் நேராதிருக்கும் வாய்ப்பு 0.999-ஐ 1000 முறை பெருக்கிய தொகை. அதாவது சுமார் 37 சதவீதம். பெரிய எண்ணைக் காரணிப்படுத்தவோ நூறு கோடிக்கு மேற்பட்ட செயல்கள் தேவை. ஆகவே பிழையைத் தவிர்ப்பது மட்டும் போதாது. நேர்ந்த பிழையைத் திருத்தவும் வேண்டும்.

ஒரே செய்தியை மூன்று முறை எழுதிப் பெரும்பான்மையை ஏற்பது எளிய திருத்த முறை. ஒவ்வொன்றும் நூற்றில் ஒரு முறை தவறும் என்றால், மூன்றில் இரண்டு ஒருங்கே தவறுவது பத்தாயிரத்தில் சுமார் மூன்று முறைதான். குவாண்டம் நிலையை அப்படியே படியெடுக்க இயலாது. பார்த்தால் அது கெட்டுவிடும். ஆயினும் ஒரு தந்திரம் உண்டு. "நீ என்ன நிலையில் இருக்கிறாய்?" என்று கேட்காமல், "நீங்கள் இருவரும் ஒரே நிலையில் இருக்கிறீர்களா?" என்று மட்டும் துணைக் கியூபிட் வழியாகக் கேட்கலாம். இல்லை என்ற விடை வந்தால் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது என்று அறியலாம், செய்தி கெடாது. பல அயனிகள் சேர்ந்து இவ்வாறு காக்கும் ஒரே கியூபிட்டைத் தருக்கக் கியூபிட் என்பர்.

ஆனால் பிழை பார்க்கும் செயல்களிலேயே பிழை நேரும் அல்லவா? அடிப்படைப் பிழை ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால்தான் திருத்தம் பயன் தரும். மேலே இருந்தால் திருத்தத் திருத்தப் பிழைதான் பெருகும். பலரும் கையாளும் முறைகளில் அந்த வரம்பு சுமார் ஒரு சதவீதம். அயனிகள் அதற்குக் கீழே வந்துவிட்டன என்பதே நம் நம்பிக்கைக்குக் காரணம். 2021-இல் மேரிலாந்தில் 13 இட்டெர்பியம் அயனிகளைக் கொண்டு ஒரு தருக்கக் கியூபிட்டைக் காத்துக் காட்டினார்கள். 2024-இல் மைக்ரோசாஃப்டும் குவான்டினுவமும் சேர்ந்து 30 அயனிகளிலிருந்து நான்கு தருக்கக் கியூபிட்டுகளை அமைத்தபோது, பிழை 800 மடங்கு குறைந்ததாக அறிவித்தன.

இன்னும் எத்தனை வேண்டும்? 2048 பிட் மறைகுறிப்பை உடைக்க 2 கோடிக் கியூபிட்டுகள் தேவை என்று 2019-இல் கிடனி, எக்கெரோ இருவரும் கணக்கிட்டனர். கிடனி 2025-இல் அதை 10 லட்சத்துக்கும் கீழே, ஒரு வாரத்துக்கும் குறைந்த நேரத்துக்கு இறக்கினார். ஆனால் அந்தக் கணக்கு, பிழை பார்க்கும் ஒவ்வொரு சுற்றும் ஒரு மைக்ரோ வினாடியில் முடியும் என்று கொண்டது. அயனிக் கருவியில் ஒரு சுற்றுக்கு ஒரு மில்லி வினாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு வார வேலை ஆயிரம் வாரமாகும். அதாவது 19 ஆண்டுகள்! எந்த இரு அயனிகளையும் இணைக்கும் வசதியைக் கொண்டு சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். பல பகுதிகளில் வேலையை ஒருசேர நடத்தலாம். ஆயினும் எண்ணிக்கையை மட்டும் பெருக்கினால் போதாது, வேகத்தையும் கூட்டியாக வேண்டும் என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது. மறைகுறிப்புத் துறையினரும் சும்மா இருக்கவில்லை. குவாண்டம் கணிப்பொறியாலும் எளிதில் உடைபடாது என்று கருதப்படும் புதிய முறைகளுக்கு அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் தரவரையறைகளை வெளியிட்டது.

மாணவர்களுக்கு ஒரு சொல்

இக்கருவியின் உறுப்புகளை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அயனிகளை விலக்கி நிறுத்துவது கூலும் விதி. நிலைமின்புலத்தால் பிடிக்க முடியாது என்று சொல்வது காஸ் விதி. குளிர்விப்பது டாப்ளர் விளைவு. தூது செல்வது சீரிசை இயக்கம். தவறான விடைகளை அழிப்பது அலைகளின் குறுக்கீட்டு விளைவு. இவை எல்லாம் உங்கள் மேல்நிலை வகுப்புப் பாடநூலில் உள்ளவை. பாடநூலில் தனித்தனி அத்தியாயங்களாகக் கிடப்பவற்றை ஒரே சில்லின்மேல் ஒன்றுசேர்த்து இயக்குவதுதான் இன்று ஆய்வாளர்கள் செய்துவரும் வேலை. அடுத்த முறை அந்த அத்தியாயங்களைத் திறக்கும்போது, தேர்வுக்கு மட்டுமன்றி, அந்தரத்தில் நிற்கும் அந்த ஊதாப் புள்ளியையும் நினைத்துப் படியுங்கள்.